கூண்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு மலைப்பாதையில குரங்குத் தொல்லை தாங்க முடியல, கூண்டு வச்சுப் பிடிச்சு தூரமா வேற ஏதாச்சும் காட்டுல கொண்டுபோய் விடுங்கன்னு வாசகருங்க பல பேரு எழுதறாங்க. அவங்க கஷ்டம் நிஜம்தான், கைக்குழந்தையோட பைக்ல போறவங்க மேல குரங்கு பாய்ஞ்சா அது விளையாட்டு இல்ல, எஸ்டேட்ல பலா, கொய்யா ஒண்ணு விடாம போறதும் சின்ன நஷ்டம் இல்ல. நான் சேலத்துல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித்தர்றவ, வீடு கன்னங்குறிச்சில, மலை அடிவாரம் பக்கம்தான், அதனால இந்தக் குரங்குங்க எனக்கும் பழக்கம்தான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: ஒரு கூட்டத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கூட்டம், அதுக்குப் பக்கத்துக் கூட்டம், அதுங்களோட சாப்பாடு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சிமுலேஷனா, அதாவது நிஜத்துல நடக்கற மாதிரியே ஒரு ஒத்திகையா ஓட்டிப் பாருங்க, பிடிச்ச அப்புறம் அந்த இடத்துக்கு யார் வருவாங்கன்னு பாத்துட்டு முடிவு எடுங்க.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, எந்த மிருகமும் சும்மா இஷ்டத்துக்குத் திரியறது இல்ல. பாக்கறதுக்கு அப்படித் தெரியும், ஆனா அது வைக்கற ஒவ்வொரு அடிக்குப் பின்னாடியும் ரெண்டு கணக்கு ஓடிட்டே இருக்குது, ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு ஜோடி. ரெண்டையும் அடுத்தவன் கிட்ட இருந்து காப்பாத்தணும்.

நம்பலன்னா வெயில் நல்லா அடிக்கற நேரமா மூக்கனேரிக் கரைக்கு வந்து கொஞ்ச நேரம் தட்டானைப் பாருங்க. ஒரு ஆண் தட்டான் தண்ணி ஓரமா ஒரு குச்சி நுனில உக்காந்திருக்கும், திடீர்னு கெளம்பி கொஞ்ச தூரம் ஓரமாவே பறந்துட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். இன்னொரு ஆண் அந்தப் பக்கம் வந்துச்சுன்னா நேரா அது மேல பாயும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு துரத்திட்டு மேல போகும், அப்புறம் ஒண்ணு மட்டும் திரும்பி வரும். பெட்டை வந்து ஜோடி சேந்த அப்புறம்தான் வேலையே ஆரம்பம், அது வால் நுனியைத் தண்ணில தொட்டுத் தொட்டு முட்டை போடும்போது இந்த ஆண் அதுக்கு மேலயே அந்தரத்துல நின்னுட்டு இருக்கும், பெட்டை நகர்ந்தா கூடவே நகரும், வேற எவனும் கிட்ட வரக்கூடாது. காரணம், தட்டான்ல கடைசியா ஜோடி சேந்த ஆணுக்குத்தான் பெரும்பாலான முட்டைல பங்கு கெடைக்கும், நடுவுல இன்னொருத்தன் புகுந்தா இவன் பட்ட பாடெல்லாம் வீண். இதுல பாருங்க, அந்த ஆண் எங்க பறக்கணும்கறதை முடிவு பண்றது மூணு விஷயம்தான், குச்சி எங்க இருக்கு, பெட்டை எங்க இருக்கு, எதிரி எங்க இருக்கான். இந்த மூணையும் நம்பரா எழுதிட்டா தட்டானோட அடுத்த அசைவு எந்தப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்னு கம்ப்யூட்டரால சொல்ல முடியும். சிமுலேஷன்னா அவ்ளோதான், மந்திரம் ஒண்ணும் இல்ல.

சாப்பாட்டைக் காக்கறதுக்கும் இதே மாதிரி கணக்கு இருக்குது. இங்கிலாந்துல தேம்ஸ் ஆத்தங்கரைல நிக் டேவிஸ், அலஸ்டர் ஹூஸ்டன்னு ரெண்டு பேரு வாலாட்டிக் குருவியைக் கூர்ந்து பாத்து 1981ல எழுதினாங்க. தண்ணி பூச்சிங்களைக் கரைல ஒதுக்கிட்டே இருக்கும், ஒரு தடவை பொறுக்கின இடத்துல மறுபடியும் பூச்சி சேர நேரம் ஆகும். அந்தக் குருவி பால்காரர் லைன் போற மாதிரி தன்னோட கரையை ஒரு பக்கமா ஏறி மறுபக்கமா எறங்கி சுத்திட்டு வரும், ஒரு சுத்துக்கு சுமார் 40 நிமிஷம், அதனால அது திரும்பி வரும்போது அந்த இடத்துல பூச்சி சேந்திருக்கும். வெளியாள் குருவி வந்து எங்கயாச்சும் எறங்குச்சுன்னா, அது இடத்துக்காரக் குருவி இப்பத்தான் காலி பண்ணின இடமா இருக்க வாய்ப்பு அதிகம், வெளியாளுக்கு ஒண்ணும் தேறாது. இன்னொரு அழகு, பூச்சி நெறைய இருக்கற நாள்ல இடத்துக்காரக் குருவி இன்னொரு குருவியைச் சேத்துக்கும், ஏன்னா துரத்தற வேலைல அது பங்கு எடுத்துக்குது, பூச்சி குறைஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிரும். ஜெர்ரம் பிரவுன்னு ஒருத்தர் 1964லயே இதைச் சொல்லிட்டாரு, காவல் காக்கற செலவை விட வரவு அதிகமா இருந்தாத்தான் மிருகம் ஒரு இடத்தைக் காக்கும், இல்லன்னா விட்டுட்டுப் போயிரும்னு. சாப்பாடு எங்கயும் பரவலாச் செதறிக் கெடந்தா காக்க முடியாது, ஒரே இடத்துல குவிஞ்சு, நாளும் தவறாம கெடைச்சா அதுக்காக ரத்தம் வர்ற அளவுக்குச் சண்டை போடும்.

இப்ப நம்ம கொண்டை ஊசி வளைவுக்கு வாங்க. அடிவாரத்துல இருந்து மேல போறதுக்குள்ள 20 வளைவு. காட்டுல அத்திப்பழம் ஒரு மரத்துல இன்னிக்கு, இன்னொரு மரத்துல அடுத்த மாசம்னு செதறிக் கெடக்கும், ஆனா வண்டி நிக்கற வளைவுல வாழைப்பழம், சிப்ஸ், பிஸ்கட், மிச்சம் போட்ட சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஒரே இடத்துல, தெனமும், சனி ஞாயிறு ரெண்டு மடங்கா, மே மாசம் கோடை விழா வந்தா கேக்கவே வேணாம். பிரவுன் சொன்ன கணக்குப்படி பாத்தா காக்கறதுக்கு இதை விடத் தோதான இடம் ஒரு குரங்குக் கூட்டத்துக்குக் காட்டுல எங்கயும் கெடைக்காது. இதை உருவாக்கினது குரங்கு இல்ல, நாமதான், சேலம், ஈரோடு, நாமக்கல்னு சுத்துப்பட்டுல இருந்து லீவுக்கு வர்ற நாமதான்.

ஜோடி விஷயம் இதோட எப்படிச் சேருதுன்னா, ஸ்டீஃபன் எம்லென், லூயிஸ் ஓரிங்னு ரெண்டு பேரு 1977ல ஒரு கட்டுரைல இந்த முடிச்சைத் தெளிவா அவுத்துக் காட்டினாங்க. சாப்பாடு எங்கயோ அங்க பெண்கள் போகும், பெண்கள் எங்கயோ அங்க ஆண்கள் போகும். நார்வேல ரோல்ஃப் இம்ஸ்ங்கறவரு எலி ஜாதிய சேந்த வோல்ங்கற சின்னப் பிராணியை வச்சு இதைச் சோதிச்சே பாத்துட்டாரு, பெட்டைங்களைக் கூண்டுல போட்டு கூண்டை இடம் மாத்தி மாத்தி வச்சாரு, வெளிய திரிஞ்ச ஆணுங்க அதுக்குத் தகுந்த மாதிரி இடம் மாறிச்சு. நம்ம மலைப்பாதையில இருக்கற நாட்டுக் குரங்குலயும் (இங்கிலீஷ்ல பானட் மக்காக்) மந்திங்க, அதாவது பெண் குரங்குங்க, பொறந்த கூட்டத்தை விட்டுப் போறது இல்ல, கடுவனுங்க, அதாவது ஆண் குரங்குங்கதான் வளந்த அப்புறம் வேற கூட்டத்துக்குப் போகும். வளைவுல சாப்பாடு கெடைச்சா மந்திங்க குட்டியோட அங்கயே தங்கும், மந்திங்க அங்க இருந்தா கடுவனுங்களும் அங்கதான், பக்கத்துக் கூட்டத்துக் கடுவனும் அங்கதான் மோப்பம் பிடிச்சு வருவான். ரோட்டுல ரெண்டு கூட்டம் எதிரெதிரா நிக்கறதை வண்டில போறவங்க பாத்திருப்பீங்க, பெரிய கடுவனுங்க முன்னாடி வந்து கைப்பிடிச் சுவர் மேல நிக்கும், மந்திங்க குட்டியை வயித்துல ஒட்ட வச்சுட்டு பின்னாடி மரத்துல இருக்கும். அந்த நேரத்துல நடுவுல நாம காரை நிறுத்தி கண்ணாடியை எறக்கினா, நாம ஒரு எல்லைச் சண்டைக்கு நடுவுல போய் நிக்கறோம்னு அர்த்தம்.

சரி, பிடிச்சுட்டுப் போயிட்டா என்ன ஆகும்? இதுக்கு ஊகம் வேணாம், செஞ்சு பாத்த கதைங்க இருக்குது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல வைதம் காட்டுல ஜான் கிரெப்ஸ் பட்டாணிக்குருவி வகையைச் சேந்த குருவிங்களை அதுங்க இடத்துல இருந்து அப்புறப்படுத்திப் பாத்தாரு, 1971ல எழுதியிருக்காரு, காலி ஆன இடத்துக்கு வேற குருவிங்க சீக்கிரமே வந்து உக்காந்துருச்சு, அதுல வேலியோரமா சுமாரான இடத்துல காலம் தள்ளிட்டு இருந்த குருவிங்களும் உண்டு. அப்புறம் காலி பண்ணின இடத்துல ஸ்பீக்கர் வச்சு அந்தக் குருவி வகையோட பாட்டைப் போட்டாரு, அப்ப புது ஆளுங்க வர்றது தள்ளிப்போச்சு. பிரிஸ்டல் ஊர்ல 1994ல நரிங்களுக்குச் சொறிநோய் வந்து ரெண்டு வருஷத்துல 95 சதவீதத்துக்கு மேல செத்துப்போச்சு, ஒரு நரி செத்தா அது போட்டு வச்ச வாசனை மங்க மங்க பக்கத்து நரி அந்த இடத்துக்குள்ள நகர ஆரம்பிச்சதை ஸ்டீஃபன் ஹாரிஸ் குழு ரேடியோ காலர் வச்சு பதிவு பண்ணியிருக்கு.

எல்லாத்தையும் விட முக்கியமானது பேட்ஜர் கதை, நம்ம அதிகாரிங்க இதைக் கட்டாயம் படிக்கணும். மாட்டுக்கு டிபி வருது, பரப்பறது மண்ணைத் தோண்டி வாழற பேட்ஜர்ங்கற பிராணின்னு பிரிட்டன் அரசாங்கம் 1998ல இருந்து 2005 வரைக்கும் முறையா ஒரு சோதனை நடத்தி சுமார் 11,000 பேட்ஜரைக் கொன்னாங்க. பெரிய பரப்புல வருஷா வருஷம் கொன்ன இடத்துக்குள்ள மாட்டு டிபி குறைஞ்சுச்சு, ஆனா அந்த எல்லையைச் சுத்தி இருந்த பண்ணைங்கள்ல கூடிருச்சு. நோய் வந்த பண்ணையைச் சுத்தி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்ன இடத்துல நெலமை மோசம்னு தெரிஞ்சு 2003லயே அந்த முறையை நிறுத்திட்டாங்க. காரணம் என்னன்னா, குடும்பம் குடும்பமா தன் எல்லைக்குள்ள இருந்த பேட்ஜருங்க, எல்லைக் காவல் உடைஞ்சதும் தூரம் தூரமா அலைய ஆரம்பிச்சுருச்சு, அலைஞ்ச இடமெல்லாம் நோயும் போச்சு. நாம மலைப்பாதையில செய்யணும்னு கேக்கறதும் இந்த ரெண்டாவது வகைதான், தொல்லை இருக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் பிடிக்கறது. பேட்ஜரும் குரங்கும் ஒண்ணு இல்ல, தெரியும். ஆனா சாப்பாடு அப்படியே இருக்க, காக்கறவனை மட்டும் எடுத்துட்டா வாசல் தெறந்து கெடக்கும்ங்கறது ரெண்டுக்கும் பொதுதானே. பிடிச்சுட்டுப் போன குரங்குங்களையும் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க, எறக்கி விடற காடு காலியா இருக்காது, அங்கயும் ஒரு கூட்டம் இருக்கும், சாப்பாட்டு மரம் எதுன்னு தெரியாது, பாதிக் கூட்டம் இங்கயே நின்னுபோயிருக்கும். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இயற்கையா இல்லாத இனம் இந்த நாட்டுக் குரங்கு, சர்வதேச சிவப்புப் பட்டியல்ல அழிவாய்ப்பு உள்ள இனமா (வல்னரபிள்) சேத்திருக்காங்க.

இனி சிமுலேஷனை எப்படிச் செய்யறதுன்னு சொல்றேன், இது பெரிய ராக்கெட் வேலைன்னு யாரும் பயப்பட வேணாம். மிருக நடமாட்டக் கணக்கு வளந்ததுல ஒரு ஆசிரியர் கடிதத்துக்கும் பங்கு உண்டு, 1905ல கார்ல் பியர்சன்ங்கற புள்ளியியல் அறிஞர் நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதம் போட்டாரு, ஒரு ஆள் கொஞ்ச தூரம் நேரா நடந்து, ஏதோ ஒரு பக்கம் திரும்பி, மறுபடியும் அதே தூரம் நடந்துன்னு போயிட்டே இருந்தா கடைசில கெளம்பின இடத்துல இருந்து எவ்ளோ தூரத்துல இருப்பான்னு வாசகருங்களைக் கேட்டாரு. கொசு எவ்ளோ தூரம் பரவும்ங்கற கேள்வி அதுக்குப் பின்னாடி இருந்துச்சு, மலேரியாவைக் கொசு பரப்புதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸுக்கும் அதுல அக்கறை உண்டு. அந்தக் குருட்டு நடைதான் அடித்தளம், அதுக்கு மேல ஞாபகம், வாசனை, பயம், ஆசை எல்லாம் ஏத்தறோம். பிரிஸ்டல் நரிங்களுக்கு லூக்கா ஜுஜோலி குழு 2011ல வெளியிட்ட மாடல்ல விதி ரொம்பக் கொஞ்சம்தான், நரி கால் போன போக்குல நடக்கும், நடக்கற இடமெல்லாம் வாசனை விடும், அடுத்த நரியோட புது வாசனை வந்தா பின்வாங்கும், நாளாக ஆக வாசனை காலாவதி ஆயிரும். யாரும் கோடு போடல, ஆனா ஓட விட்டா ஸ்கிரீன்ல தானா எல்லை உருவாகுது! வாசனை எத்தனை நாள் நிக்கும், நரி தன் இடத்தை முழுசா ஒரு சுத்து பாக்க எவ்ளோ நேரம் ஆகும், இந்த ரெண்டோட விகிதம்தான் எல்லை அசையாம நிக்குமா நகருமான்னு தீர்மானிக்குது. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை ஸ்டூடண்ட்ஸ் கிட்ட மூச்சு விடாம சொல்லிட்டு இருந்தேன்.

குரங்குக்கு அந்த நரி மாடலை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. குரங்கு வாசனையை நம்பி எல்லை காக்கறது இல்ல, கண்ணால பாத்து, குரல் கேட்டு, போன தடவை எங்க அடி வாங்கினோம்ங்கற ஞாபகத்துல நடக்குது, ரெண்டு கூட்டத்தோட இடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியும் இருக்கும். அதனால மலைப்பாதை மேப்பைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிக்கணும், 25 மீட்டர் கட்டம்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு கட்டத்துலயும் சாப்பாடு எவ்ளோ, தின்ன அப்புறம் எவ்ளோ நாள்ல மறுபடியும் சேரும்னு நம்பர், அத்தி மரம்னா மாசக்கணக்கு, வளைவுக் குப்பைத்தொட்டின்னா ஒரே நாள். மந்திக்கு விதி, சாப்பாடு அதிகம் இருக்கற, தூரம் குறைஞ்ச, ஆபத்து இல்லாத கட்டத்துக்குப் போற வாய்ப்பு அதிகம். கடுவனுக்கு விதி வேற, மந்தி கிட்ட இருக்கணும், அதுவும் மந்தி சேர்க்கைக்குத் தயாரா இருக்கற நாள்ல சாப்பாட்டைக் கூட விட்டுட்டு கூடவே போகணும், எதிர்க் கூட்டத்துக் கடுவன் கண்ணுல பட்டா அவனுக்கும் மந்திக்கும் நடுவுல போய் நிக்கணும். சண்டை நடந்த கட்டம் கொஞ்ச நாளைக்கு ஞாபகத்துல இருக்கும், அப்புறம் மங்கும். இதை நெட்லோகோன்னு இலவசமா கெடைக்கற சாஃப்ட்வேர்ல எழுதலாம், யூரி விலென்ஸ்கி 1999ல கொண்டுவந்தது, ஸ்கூல் பசங்களே கத்துக்கலாம், இல்ல பைத்தான்ங்கற ப்ரோக்ராம் மொழில எழுதலாம், சாதாரண லேப்டாப் போதும்.

என் கிளாஸ் பசங்க இதைச் சின்ன அளவுல செஞ்சு ஓட்டினாங்க. நம்பர் எல்லாம் நாங்களா வச்சது, அதனால இதை ஆதாரம்னு நான் நீட்ட மாட்டேன். ஆனா சாப்பாட்டை அப்படியே விட்டு ஒரு கூட்டத்தை மட்டும் ஸ்கிரீன்ல இருந்து அழிச்சப்போ பக்கத்துக் கூட்டத்து மந்திங்க மெதுவா அந்த வளைவுப் பக்கம் நகர, கடுவனுங்க பின்னாடியே வர, கொஞ்ச நேரத்துல அதே வளைவு மறுபடியும் நெறைஞ்சிருச்சு, நடுவுல ரெண்டு கூட்டம் மோதற கட்டமும் ரோட்டு மேலயே வந்துச்சு. கூட்டத்தை விட்டுட்டு சாப்பாட்டை மட்டும் எடுத்தப்போ மந்திங்க மரங்களுக்குத் திரும்பிச்சு. பசங்க ஒரு வார்த்தை பேசாம அந்தப் புள்ளிங்க நகர்றதையே பாத்துட்டு இருந்தாங்க. மறு நாளே ஒரு பொண்ணு கேட்டா, எல்லா வளைவுலயும் சாப்பாட்டை எடுக்காம பாதி வளைவுல மட்டும் எடுத்தா என்ன ஆகும் மேடம்னு. அதுதான் சரியான கேள்வி, பாதி எடுத்தா மிச்ச பாதில கூட்டம் குவிஞ்சு சண்டை இன்னும் ஜாஸ்தி ஆகலாம், அதைச் சொல்லணும்னா நெஜ டேட்டா வேணும்.

அந்த டேட்டா நம்ம கிட்டதான் இருக்கு, யாரும் எழுதி வைக்கலன்றதுதான் கொறை. வருஷா வருஷம் கடைசி வருஷப் பசங்க ப்ராஜெக்ட்னு லைப்ரரி மேனேஜ்மென்ட், அட்டெண்டன்ஸ் ஆப்னு அதையே திருப்பித் திருப்பிச் செய்யறாங்க, சேலத்துல இத்தனை இன்ஜினியரிங் காலேஜ், ஆர்ட்ஸ் காலேஜ் இருக்குது, மலை கண்ணு முன்னாடி நிக்குது, ஒரு பேட்ச் பசங்களாச்சும் விலங்கியல் டிபார்ட்மென்ட்டோட சேந்து இதை எடுக்கக் கூடாதா? வனத்துறை கிட்ட நான் கேக்கறது, எந்த வளைவுல எந்தக் கூட்டம், எங்க பிடிச்சோம், எங்க விட்டோம்ங்கற பதிவை வெளில வைங்க, பிடிச்ச இடத்துக்கு மறுபடியும் குரங்கு எப்ப வந்துச்சுங்கறதையும் சேத்து வைங்க. பாதி டேட்டாவை வச்சு மாடலைச் சரி பண்ணி, மீதிப் பாதியை மறைச்சு வச்சு, அதை மாடல் சரியாச் சொல்லுதான்னு பாக்கணும், சொல்லலன்னா அந்த மாடலைத் தூக்கிப் போட்டுட்டு வேற எழுதணும்.

குரங்கு கடிச்சு ஊசி போட்டுட்டு நிக்கறவன் கிட்ட கம்ப்யூட்டர் கதை சொல்றீங்களேன்னு சில பேர் கோவப்படுவாங்க. அவங்களுக்கு இன்னிக்கே வேண்டியது மூடி போட்டு பூட்டற குப்பைத்தொட்டி, வளைவுல தீனி போடறவங்களுக்குத் தயங்காம அபராதம், கடிக்கறதுக்குப் பேர்போன ஒரு குறிப்பிட்ட கடுவன் இருந்தா டாக்டரும் வனத்துறையும் அதை மட்டும் பாத்துக்கறது. இதுக்கு சிமுலேஷன் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். ஆனா ஒரு முழுக் கூட்டத்தைத் தூக்கறதுன்னு வந்தா, அது போட்ட அப்புறம் திருப்பி எடுக்க முடியாத முடிவு, அங்க அவசரம் கூடாது.

மலைப்பாதைக் கடைக்காரங்க, எஸ்டேட்காரங்க, பஸ் டிரைவருங்க, குப்பனூர் ரோட்டுல தெனம் வந்துபோறவங்க எல்லாரும் ஒரு நோட்டு போட்டு தேதி, மணி, எத்தனாவது வளைவு, எத்தனை குரங்கு, குட்டியோட மந்தி இருந்துச்சா, என்ன தின்னுட்டு இருந்துச்சு, வேற கூட்டம் எதிர்ல வந்துச்சான்னு எழுதினா போதும், படம் கூட வேணாம். குரங்கே இல்லாத நாளையும் விடாம எழுதுங்க, பல பேரு அதை எழுத மாட்டாங்க, ஆனா ஒரு வளைவு எப்பக் காலியா இருந்துச்சுன்னு தெரியாம எங்களால ஒரு நம்பரைக் கூட சரியா வைக்க முடியாது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் ஆசிரியை ஒருத்தி,
கன்னங்குறிச்சி, சேலம்.